தலைதட்டி அளந்த காற்று: 10 மீட்டர் ரைஃபிள் கரியமில வாயுவைக் கைவிட்டது ஏன்?

ஏர் ரைஃபிளைத் திருத்துவது என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது வேகம்தான். வால்வின் துளையைப் பெரிதாக்கு, வால்வை அடித்துத் திறக்கும் ஹாமரின் ஸ்பிரிங்கை இறுக்கு, அழுத்தத்தை ஏற்று, பெல்லட் என்ற சின்ன ஈயக் குண்டு பறக்கட்டும். ஆனால் உலகத்திலேயே கறாராக ஏர் ரைஃபிள் செய்கிறவர்கள், அதாவது ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டிக்குச் செய்கிறவர்கள், வேகத்துக்குப் பின்னால் ஓடவே இல்லை. நொடிக்கு 170 மீட்டரை ஒட்டி ஒரு வேகம் போதும் என்று நின்றுகொண்டார்கள். வாயு எங்கிருந்து வருகிறது, வால்வு அதை எப்படி விடுகிறது என்ற இரண்டைத்தான் திரும்பத் திரும்ப மாற்றினார்கள்.

1980களின் இறுதியில் போட்டி ரைஃபிள்கள் கரியமில வாயுவுக்கு வந்தன. 1990கள் முடிவதற்குள் அதை விட்டு அழுத்தக் காற்றுக்குப் போய்விட்டன. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ், ஸ்டையர் என ஜெர்மானிய, ஆஸ்திரிய நிறுவனங்கள் எல்லாம் ஒரே திசையில் நகர்ந்தன. இந்த ஆய்வு அந்த நகர்வைப் பற்றியது. எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள், வாயு மாறியதும் வால்வில் ஏன் கைவைக்க வேண்டி வந்தது என்று பார்த்தால், தன் ரைஃபிளை மேசையில் பிரித்து வைத்திருக்கிறவருக்கும் அதில் நிறைய இருக்கிறது.

கால் மில்லிமீட்டர் கணக்கு

10 மீட்டர் ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10 என்பதால், நடுவிலிருந்து 2.5 மி.மீ. விலகினாலும் 10.0 கிடைத்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் 0.25 மி.மீ. நெருங்க வேண்டும். உச்சம் 10.9. தகுதிச் சுற்றில் 60 குண்டு, மொத்தம் 654. 2013 முதல் தகுதிச் சுற்றிலும் தசமப் புள்ளிதான் எண்ணப்படுகிறது. அதனால் 10 வாங்கினால் போதும் என்ற காலம் போய்விட்டது.

இப்போது வேகத்துக்கு வருவோம். நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட், 10 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 17 மி.மீ. கீழே இறங்கிவிடும். குறிவைக்கும் அமைப்பை அதற்கேற்ப வைத்துவிடுவதால் அந்த இறக்கம் ஒரு பொருட்டில்லை. பொருட்டாவது அதன் ஏற்ற இறக்கம்தான். வேகம் 1 சதவீதம் குறைந்தால் இறக்கம் 2 சதவீதம் கூடும். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கீழே போகும், 0.1 புள்ளிக்கு மேல் போச்சு. வேகம் நொடிக்கு 10 மீட்டர் குறைந்தால் பெல்லட் 2 மி.மீ.க்கு மேல் கீழே விழும். 10.9 ஆக வேண்டியது 10.0, 10.1 என்று நிற்கும். சுட்டவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. குறி சரி, டிரிக்கர் சரி, மூச்சு சரி. வாயு மட்டும் கொஞ்சம் குறைவாக வந்தது.

இது வெறும் இறக்கக் கணக்குதான். பெல்லட் குழலுக்குள் இருக்கும் சில மில்லி நொடிகளிலும் ரைஃபிள் அசைந்துகொண்டே இருக்கிறது. மெதுவான பெல்லட் குழலில் அதிக நேரம் தங்கும், அந்த அசைவையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். ஆகவே எந்த வேகம் என்பதைவிட, முதல் குண்டும் அறுபதாவது குண்டும் ஒரே வேகத்தில் போகின்றனவா என்பதே இங்கே கேள்வி. நான் பார்த்தவரை, ரைஃபிள் திருத்துகிறவர்கள் குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃபில் பெரிய எண்ணைப் பார்த்ததும் மகிழ்ந்துவிடுகிறார்கள். அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

நெம்புகோல் காலம்

இந்தச் சீர்மை ஒரு காலத்தில் கிடைத்துத்தான் இருந்தது. 1970களில் அரங்கை ஆண்ட ஃபைன்வெர்க்பாவ் 300 வரிசை ஸ்பிரிங் பிஸ்டன் ரகம். ஸ்பிரிங் பாயும்போது வரும் உதறலைத் தணிக்க, உள்ளமைப்பு முழுவதும் ஒரு தண்டவாளத்தில் பின்னோக்கிச் சறுக்கும்படி செய்திருந்தார்கள். அப்புறம் 1974இல் வால்தரின் எல்.ஜி.ஆர். வந்தது. பத்தாண்டு கழித்து ஃபைன்வெர்க்பாவ் 600. அந்த 1984இல்தான் லாஸ் ஏஞ்சலிஸில் ஏர் ரைஃபிள் முதல்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

இந்த இரண்டும் ஒற்றை அழுத்து ரகம். பக்கவாட்டு நெம்புகோலை ஒருமுறை இழுத்து மூடினால், ஓர் அறை நிறைய காற்று அழுத்தப்பட்டு நிற்கும். டிரிக்கரைத் தொட்டதும் வால்வு திறந்து அத்தனை காற்றையும் வெளியே விட்டுவிடும். அரிசியை உழக்கில் போட்டுத் தலைதட்டி அளப்பது போலத்தான் இது. அறையின் கொள்ளளவே அளவு. அதிகமாக அழுத்தவும் முடியாது, குறைவாக அழுத்தவும் முடியாது. வால்வுக்கும் வேலை சுலபம். திறந்தால் போதும், எப்போது மூடுவது என்ற கவலை அதற்கு இல்லை.

விலையைக் கொடுத்தவர் சுடுகிறவர். ஒவ்வொரு குண்டுக்கும் அந்த நெம்புகோலை வலுவாக இழுக்க வேண்டும். சோதனைக் குண்டுகளையும் சேர்த்தால் ஒரு போட்டிக்கு எழுபது, எண்பது முறை. ஒவ்வொரு முறையும் நாடித்துடிப்பு ஏறும், தோளில் பதிந்த நிலை கலையும், கைத்தசை நடுங்கும். சிறுவர்களுக்கும் ஒல்லியான உடல்வாகு உள்ளவர்களுக்கும் இது இன்னும் கடினம். அந்தப் பாரத்தை இறக்கத்தான் வாயுவைச் சிலிண்டரில் அடைத்துக் கொண்டுவர நினைத்தார்கள்.

கரியமில வாயு தந்ததும் எடுத்ததும்

கரியமில வாயுவைத் தேர்ந்தெடுத்ததில் பெரிய அறிவு இருந்தது. சிலிண்டருக்குள் அது திரவமாக இருக்கும், திரவத்துக்கு மேல் ஆவி நிற்கும். வெப்பநிலை மாறாதவரை அந்த ஆவியின் அழுத்தமும் மாறாது. பாதி சிலிண்டர் காலியானாலும் அதே அழுத்தம்தான். சுட்ட அளவு ஆவி போனால், அந்த அளவு திரவம் ஆவியாகி இடத்தை நிரப்பும். அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் தனியாகத் தேவையே இல்லை, இயற்கையே அந்த வேலையைச் செய்கிறது.

கொள்ளளவும் தாராளம். 150 மி.லி. சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 0.7 கிலோ என்ற பாதுகாப்பான கணக்கில் நிரப்பினால் 105 கிராம் கரியமில வாயு பிடிக்கும். வெளியே விட்டால் சாதாரண அழுத்தத்தில் அது 57 லிட்டர் வரும். அதே சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) காற்றை அடைத்தால் 30 லிட்டர்தான். அதிலும் 75 பாருக்குக் கீழே போட்டிக்குப் பயன்படாது என்றால், கைக்கு வருவது 19 லிட்டர்கூட இல்லை. வாயு இருப்பில் மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவு இழப்பு என்று தெரிந்தும் காற்றுக்குப் போனார்கள் என்றால், கரியமில வாயுவிடம் அதைவிடப் பெரிய தொல்லை இருந்திருக்க வேண்டும்.

"வெப்பநிலை மாறாதவரை" என்று மேலே சொன்னேனே, தொல்லை அங்கேதான். 0 டிகிரியில் கரியமில வாயுவின் ஆவி அழுத்தம் சுமார் 35 பார். 10 டிகிரியில் 45. 20 டிகிரியில் 57. 30 டிகிரியில் 72. இருபதிலிருந்து முப்பதுக்குப் போவதற்குள் கால் பங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஜெர்மனியில் குளிர்காலக் காலையில் காரிலிருந்து இறக்கிய ரைஃபிள் அரங்கின் சூட்டுக்கு வந்து சேரும்வரை, குண்டு விழும் இடம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். விளக்கு வெளிச்சம் விழும் பக்கம் வைத்த சிலிண்டரும், கைபட்டுச் சூடான சிலிண்டரும் ஒரே அழுத்தத்தில் இருக்காது.

சுடுவதாலேயே குளிர்ச்சியும் வரும். திரவம் ஆவியாக வேண்டுமானால் வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தைச் சிலிண்டரிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். அடுத்தடுத்து வேகமாகச் சுட்டால் சிலிண்டர் கைக்கு ஜில்லென்று தெரியும், அழுத்தம் இறங்கும். நிமிடத்துக்கு ஒன்று என்று நிதானமாகப் போகும் தகுதிச் சுற்றில் இது பெரிய விஷயமில்லை. பயிற்சியிலும் வேகம் கேட்கும் சுற்றுகளிலும் தெரியும்.

நம் ஊருக்கு வந்தால் கதையே வேறு. கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாக இருக்க முடியாது. அந்த எல்லையைத் தாண்டினால் திரவம், ஆவி என்ற பிரிவே மறைந்துபோகும். சென்னையிலோ மதுரையிலோ ஏ.சி. இல்லாத ரேஞ்சில் மே மாத மதியம் சிலிண்டர் 40 டிகிரியில் இருந்தால், நன்றாக நிரப்பிய சிலிண்டரின் அழுத்தம் 100 பாரைத் தாண்டிவிடும். சுடச்சுட அது இறங்கிக்கொண்டே வரும். இருப்பு தீரும்வரை மாறாத அழுத்தம் என்ற அதன் ஒரே பெரிய குணம் அங்கே கைவிட்டுவிடுகிறது. நடுக்குளிர் ஐரோப்பாவில் வேலை செய்த ஏற்பாடு நம் வெயிலில் அடிப்படையிலேயே நிற்காது. ஐரோப்பியர்கள் மட்டுமே ஆடும் ஆட்டமாக இருந்திருந்தால் இதோடு இன்னும் சில காலம் ஓட்டியிருக்கலாம். உலகம் முழுக்க, எல்லாப் பருவத்திலும் நடக்கும் ஆட்டம் இது. கடலூரில் பிறந்த ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் வரை எத்தனையோ ஊர்க்காரர்கள் இதில் நிற்கிறார்கள்.

நிரப்புவதும் சாதாரண வேலை இல்லை. சிறிய சிலிண்டரை முதலில் குளிரவைத்து, பெரிய சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்துத் திரவத்தை இறக்கி, தராசில் வைத்து எடை பார்க்க வேண்டும். எடை கூடினால் கொஞ்சம் வெளியேற்ற வேண்டும். ஆவிக்கு இடமே விடாமல் திரவத்தால் நிரப்பிவிட்டால், கொஞ்சம் சூடேறினாலும் அழுத்தம் மளமளவென்று ஏறும். தராசைத் தவிர்க்கவே கூடாத வேலை அது.

பழைய ஹாமர், புதிய காற்று

அழுத்தக் காற்று ஒன்றும் புதிய யோசனை இல்லை. 1780 வாக்கிலேயே ஆஸ்திரிய ராணுவம் ஜிராண்டோனியின் காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தது. அதன் பின்கட்டையே காற்றுக் கலன். 1804இல் அமெரிக்காவின் மேற்கே புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழுவிடமும் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. கலனில் காற்று குறையக் குறைய குண்டின் வீச்சும் குறையும், அதுதான் அந்த ரகத்தின் பிறவிக் குறை. 200 பாரில் தொடங்கும் நவீன சிலிண்டருக்கும் அதே குறைதான். கரியமில வாயுவைப் போல அது தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளாது. ஒவ்வொரு குண்டுக்கும் அழுத்தம் இறங்கும்.

கரியமில வாயு ரைஃபிளில் நேராக 200 பார் காற்றை இணைத்தால் என்ன ஆகும்? பாதுகாப்பை விட்டுவிட்டு இயக்கத்தை மட்டும் முதலில் பார்ப்போம். இந்த ரைஃபிள்களில் வால்வை மூடி வைத்திருப்பது பெரும்பாலும் வாயுவின் அழுத்தமே. ஹாமர் வந்து வால்வுத் தண்டின் வாலில் அடிக்கும், அந்த அடியில் வால்வு, தான் உட்கார்ந்து அடைக்கும் இடமான இருக்கையை விட்டு எழும்பும், வாயு பாயும், அழுத்தமும் ஒரு சிறு ஸ்பிரிங்கும் சேர்ந்து உடனே மூடிவிடும். எல்லாம் ஓரிரு மில்லி நொடியில் முடிந்துவிடும்.

வால்வு இருக்கையின் விட்டம் 5 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். 57 பாரில் அதை மூடிப் பிடித்திருக்கும் விசை ஏறத்தாழ 11 கிலோ எடைக்குச் சமம். 72 பாரில் 14 கிலோ. வெயிலில் 110 பார் ஆன சிலிண்டரில் 22 கிலோ. 200 பாரில் 40 கிலோ. பதினோரு கிலோவைத் திறக்கச் செய்த ஹாமரை வைத்து நாற்பது கிலோவை அடித்தால், வால்வு லேசாகச் சிணுங்கிவிட்டு மூடிக்கொள்ளும். பெல்லட் குழலின் பாதியிலேயே நின்றாலும் நிற்கும். அழுத்தம் கூடினால் வேகம் கூடும் என்ற பொது நினைப்பு இங்கே உடைந்துபோகிறது. வெயில் காலத்தில் கரியமில வாயு ரைஃபிள் சில நேரம் சூட்டில் வேகமாகாமல் மந்தமாவதும் இதே காரணத்தால்தான்.

அழுத்தம் இறங்க இறங்க வால்வு அகலத் திறக்கும், மூட அதிக நேரம் எடுக்கும். ஒரு கட்டத்தில் குறையும் அழுத்தமும் கூடும் திறப்பு நேரமும் ஒன்றையொன்று ஈடுகட்டும், வேகம் உச்சத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். அதையும் தாண்டினால் சரிவு. ரெகுலேட்டர் இல்லாத காற்று ரைஃபிளின் வேகத்தை வரைந்து பார்த்தால் ஒரு மேடு போலத் தெரிவது இதனால்தான். ஹாமர் ஸ்பிரிங்கைத் திருகி அந்த மேட்டின் தட்டையான பகுதியை நீட்டப் பார்ப்பது ஒரு வழி. வேட்டை, பொழுதுபோக்கு ரைஃபிள்களில் அது போதுமானதே. 0.25 மி.மீ.க்கு ஒரு புள்ளிப் பங்கு என்று எண்ணும் ஆட்டத்தில் மேடு இருக்கவே கூடாது.

ஆகவே ரெகுலேட்டர் வந்தது. அதன் உள்ளமைப்பு எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்தது. நடுவில் துளையுள்ள ஒரு பிஸ்டன். அதன் ஒல்லியான முனை உயர் அழுத்தப் பக்கத்து இருக்கையைப் பார்த்து நிற்கும், அகலமான முகம் வால்வு அறையைப் பார்த்து இருக்கும். கிண்ணம் போல் வளைந்த வட்ட வாஷர்களை மாற்றி மாற்றி அடுக்கி வைத்த ஸ்பிரிங் ஒன்று, பிஸ்டனை இருக்கையிலிருந்து விலக்கித் திறந்து வைத்திருக்கும். காற்று துளை வழியாக அறைக்குள் போய் நிரம்பும். அறையின் அழுத்தம் அகலமான முகத்தைத் தள்ளும். குறித்த அழுத்தம் வந்ததும் வாஷர்கள் அழுந்தி, ஒல்லியான முனை இருக்கையில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். சுட்டதும் அறையில் அழுத்தம் இறங்கும், வாஷர்கள் திரும்பத் திறக்கும், அடுத்த குண்டுக்கான காற்று நிரம்பும். சிலிண்டரில் 200 பார் இருந்தாலும் 100 பார் இருந்தாலும், வால்வு பார்ப்பது ஏறக்குறைய அதே அழுத்தம்தான். வெப்பநிலையும் பெரிதாகக் குறுக்கே வராது. 20 டிகிரியில் 200 பார் காட்டும் சிலிண்டர் 35 டிகிரியில் 210 பார் காட்டும், அவ்வளவுதான். ரெகுலேட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

வாஷர்கள் இருக்கும் இடைவெளியில் ஒரு ஊசித்துளை வெளியே போகும். பார்த்தால் எதற்கென்றே தெரியாது. காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒன்று லேசாகக் கசிந்தால் அந்தக் காற்று இந்தத் துளை வழியாக வெளியேறிவிடும், கசிவு இருக்கிறது என்று நமக்கும் தெரியும். துளை அடைபட்டால் காற்று வாஷர்களோடு சேர்ந்து பிஸ்டனைத் தள்ளத் தொடங்கும், குறித்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். துளையிலிருந்து "சுஸ்" என்று காற்று வருகிறதே என்று அதைப் பசை வைத்து அடைக்கிறவர்கள் உண்டு. அது தப்பு. உள்ளே இருக்கும் ஓ-ரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

வால்வைக் காற்றுக்கு ஏற்றது

ரெகுலேட்டரைப் போட்டு 57 பாரிலேயே நிறுத்தினால், பழைய வால்வு அப்படியே வேலை செய்யாதா? செய்யும், ஆனால் சரியாக அளக்காது. 57 பாரில் உள்ள கரியமில வாயு ஆவியின் எடை லிட்டருக்கு 190 கிராமை ஒட்டி இருக்கும். அதே அழுத்தத்தில் காற்று 70 கிராம்தான். கனமான வாயு தன்னையே நகர்த்திக்கொள்ளவும் ஆற்றலைச் செலவழிக்கும். ஒலியின் வேகத்தைப் பார்த்தாலும் இது புரியும். சாதாரண நிலையில் காற்றில் நொடிக்கு 343 மீட்டர், கரியமில வாயுவில் 270 மீட்டருக்கும் கொஞ்சம் கீழே. குறுகலான துளை வழியாக ஒரு வாயு எவ்வளவு விரைவாகப் பாய முடியும் என்பது இந்த வேகத்தைப் பொறுத்தது. காற்று விரைந்து பாயும், பெல்லட்டின் பின்புறம் விரைந்து எட்டும்.

அதனால் அதே வால்வு, அதே திறப்பு நேரத்தில் காற்றை விட்டால் பெல்லட் தேவைக்கு மேல் வேகமாகப் போகும், மிச்சக் காற்று குழல் வாயில் வீணாகும். வீணாகும் காற்றுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் நொடியில் பின்னாலிருந்து பாயும் காற்று பெல்லட்டின் விரிந்த பின்பகுதியான பாவாடையின் விளிம்பில் மோதி லேசாகச் சாய்க்கலாம். எனவே போட்டி ரைஃபிளில் காற்றுக்கு மாறும்போது ஹாமர் அடியைக் குறைக்க வேண்டும், வால்வு குறைந்த நேரமே திறக்க வேண்டும், பாதைத் துளையும் அதற்குத் தக்க அளவில் இருக்க வேண்டும். பெரிதாக்குவதைவிடச் சிறிதாக்குவதே இங்கே நடந்தது.

இந்த மாற்றத்தின் மிகப் பெரிய பலன் அதுதான் என்பது என் கருத்து. லேசான ஹாமர், குறைந்த பயணம், மெல்லிய அடி. டிரிக்கர் விட்டதற்கும் பெல்லட் வெளியேறுவதற்கும் நடுவே ரைஃபிளுக்குள் நகரும் பொருளின் எடை குறைகிறது, அதனால் வரும் அதிர்வும் குறைகிறது. ஃபைன்வெர்க்பாவ் பி70 போன்ற ரைஃபிள்களில் மீதமிருக்கும் சிறு உதறலையும் எதிர்த்திசையில் நகரும் ஓர் எடையால் தணிக்கும் அமைப்பையும் சேர்த்தார்கள். வாயுவை மாற்றப் போய் அதிர்வும் குறைந்தது என்பதை, அந்த ரைஃபிளைத் தோளில் வைத்துச் சுட்டுப் பார்த்தவர் உடனே உணர்வார்.

ஓ-ரிங் ரப்பரும் மாறியது. கரியமில வாயு ரப்பருக்குள் ஊடுருவக்கூடியது. அழுத்தம் சட்டென்று போனால், உள்ளே புகுந்த வாயு வெளியேற வழியின்றி ரப்பரை உப்ப வைக்கும், கொப்புளம் போட்டுக் கிழிக்கும். பழைய கரியமில வாயு சிலிண்டரைக் கழற்றியதும் ஓ-ரிங் பள்ளத்தை விட்டுப் பிதுங்கி நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அது தன் அளவுக்குத் திரும்பும். அவசரப்பட்டுத் திருகினால் வெட்டுப்படும். காற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

புதிதாகச் சேர்ந்த கவலைகள்

ரெகுலேட்டரின் இருக்கையில் ஒரு துகள் படிந்தாலோ சிறு தடம் விழுந்தாலோ அது முழுவதுமாக அடைக்காது. சுடாமல் வைத்திருக்கும் நேரத்தில் காற்று மெல்ல மெல்லக் கசிந்து அறையின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். காலையில் முதல் குண்டு மட்டும் தனியாக விலகிப் போகிறது, அடுத்ததிலிருந்து சரியாக வருகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கையையோ குறியையோ திருத்தப் போகாமல், க்ரோனோகிராஃப் வைத்து, தொடர்ந்து சுட்ட வேகத்தையும் அரை மணி நேரம் விட்டுச் சுட்ட வேகத்தையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

ஈரப்பதம் இன்னொன்று. கைப்பம்பில் நிரப்பும்போது அழுந்திய காற்றிலிருந்து நீர் பிரிந்து சிலிண்டருக்குள் தங்கும், உள்ளே அரிக்கும். நம் கடலோர ஊர்களின் காற்றில் இது இரட்டிப்பு கவலை. வடிகட்டி உலர்த்திய காற்று வரும் டைவிங் சிலிண்டரிலிருந்து நிரப்புவதே நல்லது. மெதுவாகவும் நிரப்ப வேண்டும். வேகமாக நிரப்பினால் காற்று சூடாகி அழுத்தம் காட்டும் கேஜில் 200 காட்டும், ஆறியதும் இறங்கிவிடும்.

எண்ணெய், சாதாரண கிரீஸ் எதையும் உயர் அழுத்தப் பக்கத்தில் வைக்கவே கூடாது. திடீரென்று அழுந்தும் காற்றின் சூட்டில் அது பற்றிக்கொள்ளும். சிலிகோன் கிரீஸ் மட்டும், அதுவும் மிக மெல்லிய பூச்சாக. ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருபோதும் கூடாது. வெடிக்கும்.

பழைய ரைஃபிளை மாற்ற நினைக்கிறவர்களுக்கு

கரியமில வாயு ரைஃபிள்கள் இன்னும் பல கிளப்களின் அலமாரியில் இருக்கின்றன. குழல் நன்றாகவே இருக்கும், டிரிக்கரும் அருமையாக இருக்கும். அவற்றைக் காற்றுக்கு மாற்றும் உதிரிப் பாகங்கள் சில ரகங்களுக்குத் தயாரிப்பாளரிடமே வந்தன. அப்படி வந்தது கிடைத்தால் மாற்றலாம். கிடைக்காவிட்டால், கடைசல் பட்டறையில் ஒரு இணைப்பு கடைந்து காற்றுச் சிலிண்டரை மாட்டிவிடலாம் என்ற ஆசை எழும். அதை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். கரியமில வாயுவின் அழுத்தத்துக்குச் செய்த வால்வு உடலும் திருகுமரையும் 200 பாரைத் தாங்குமா என்பதை வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ரெகுலேட்டர் இருந்தாலும், அது பழுதானால் அந்த 200 பாரும் நேராக உள்ளே வந்துவிடும்.

மாற்றும் பாகம் முறையாகக் கிடைத்தவர்கள் வரிசையை மட்டும் மாற்றாமல் இருந்தால் போதும். முதலில் ரெகுலேட்டரின் அழுத்தம். அது நிலையாக நிற்கிறதா என்று கேஜில் உறுதியான பிறகுதான் ஹாமர். ஹாமரைத் திருகிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் மற்றது. இரண்டையும் ஒரே நேரத்தில் திருகினால் எது எதனால் வந்தது என்றே தெரியாது.

வேகத்தை ஏற்றும் ஆசை இருப்பவர்கள் சட்டத்தையும் மனதில் வைக்க வேண்டும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்பட்ட ஏர் ரைஃபிளுக்கும், 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட குழலுக்கும் உரிமம் வேண்டும். ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் வாங்கக்கூடியதன் எல்லை 7.5 ஜூல். அரை கிராமுக்குச் சற்று மேலான பெல்லட்டை நொடிக்கு 170 மீட்டரில் அனுப்பும் போட்டி ரைஃபிள் அந்த 7.5ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஒலிம்பிக் பதக்கத்துக்கு அது போதுமானதாக இருக்கிறது.

கடைசியாகச் சிலிண்டரின் தேதி. காற்றுச் சிலிண்டருக்கும் கரியமில வாயு சிலிண்டருக்கும் தயாரிப்பாளர் குறித்த காலம் அதிகபட்சம் 10 ஆண்டு. அது தாண்டாமல் பார்த்துக்கொள்வது சுடுகிறவரின் பொறுப்பு என்பது சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் சம்மேளனத்தின் (ஐ.எஸ்.எஸ்.எஃப்.) விதி. உபகரணச் சோதனையில் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள். போட்டிக்குப் போகாதவருக்கும் அதே உலோகம்தான், அதே 200 பார்தான். தேதி முடிந்த சிலிண்டரை "பயிற்சிக்கு மட்டும்" என்று ஒதுக்கி வைப்பது பல இடங்களில் நடக்கிறது. அப்படி வைக்காமல், காற்றை முழுவதுமாக வெளியேற்றி, அது காலியாகிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, வால்வைக் கழற்றிவிட்டு, உடலில் ஒரு துளை போட்டுவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த வருடம் கிளப்புக்குப் புதிதாக வருகிற பையன் அதை எடுத்து நிரப்ப மாட்டான்.